வேலிக்குள் நிற்கும் கல்

செனாயிலிருந்து

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தம்பி லோகேஸ்வரன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நாங்கள் முன்பு வேலை செய்த தோட்டத்தில், தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமை கேட்டுச் சுடப்பட்டு இறந்தவர்களுக்கு நாங்கள் எழுப்பிய நினைவுக்கல்லில் யாரோ கறுப்புச் சாயம் ஊற்றி, பெயர்களைச் சுத்தியலால் கொத்திவிட்டார்கள். நானும் சங்கத்துச் சபாபதி மாமாவும் போலீசுக்குப் போனோம். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், “நிலம் கம்பெனியோடது அங்கிள், அவங்கதான் வந்து கம்ப்ளெய்ன் பண்ணணும்” என்றார். தோட்டத்தை வாங்கிய கம்பெனிக்கே அந்தக் கல் இடைஞ்சல், அவர்களா வருவார்கள்? அரசாங்கம் பாரம்பரியச் சின்னமாகப் பதிந்தால்தான் சட்டம் அதைக் காப்பாற்றுமாம். மாமா மனுப் போட்டிருக்கிறார், பதில் இல்லை. எனக்குப் பொறுக்காமல் தின்னரும் துணியும் கொண்டுபோய்ச் சாயத்தைத் துடைத்தேன், காவலாளி படம் எடுத்துவிட்டான். அத்துமீறி நுழைந்தேன் என்று வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்தது வாசுகி, உடைத்தவனுக்கு இல்லை. இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். முடியாது என்றேன். தம்பி அந்தக் கம்பெனியின் காண்டிராக்டரிடம்தானே மண் தோண்டும் மெஷின் ஓட்டுகிறான், “போட்டுருங்க லா அப்பா, என் வேலை போயிடும், பிரேமலா வேற மாசமா இருக்கா” என்று கெஞ்சினான். மருமகள் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கேள், அந்தக் கல்லைப் பெயர்த்துத் தள்ளும் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறார்கள். நேற்று சோற்றைத் தொடாமல் என் எதிரில் உட்கார்ந்து, “நான் என்னப்பா செய்யட்டும்?” என்று கேட்டான். செய்யாதே என்று சொல்ல, கையெழுத்துப் போட்ட எனக்கு வாய் ஏது? செய் என்று எப்படிச் சொல்வேன், அதில் என் பெரியப்பா பெயரும் இருக்கிறதே. இன்று காலை அவன் எழுந்திருக்கவில்லை, காய்ச்சல் என்றான். நெற்றியைத் தொட்டேன், சுடவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டபோது போனை நானே வாங்கி, “நெருப்பா கொதிக்குது சார், எழுந்திருக்கவே முடியல” என்றேன். “நாளைக்கு வரணும், இல்லேன்னா வேற ஆளு” என்று வைத்துவிட்டார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாரியம்மன் உங்கள் இருவரையும் கண்போல் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. தம்பியிடம் பேசினால் உடம்பை மட்டும் விசாரி, வேலையைப் பற்றிக் கேட்காதே.

உன் அப்பா,
தங்கராஜு