டேவிட் போகாத இடம்

கிழக்குத் தாம்பரம்
20 டிசம்பர் 1967

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பியூலாவும் சுகம். அந்தக் குளிரில் உங்களையும் அவர் காக்க வேண்டும். பிள்ளைக்குக் கொஞ்சம் சளி. நெஞ்சில் காதை வைத்து வைத்துப் பார்க்கிறேன், காய்ச்சல் இல்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள், அதை நான் பட்டுக்கொள்கிறேன்.

என்னோடு பி.ஏ. படித்த ஹில்டா வந்திருந்தாள். உங்கள் லண்டன் வேலையைப் பற்றிச் சொன்னேன். நிறம் பார்த்து வேலை மறுக்கிறார்களா என்று ஆராய்ச்சிக்காரர்கள் உங்களைச் சம்பளத்துக்கு வைத்து அளக்கிறார்கள். முதலில் நீங்கள் போய்க் கேட்பீர்கள், பிறகு அதே படிப்பு, அதே அனுபவம் சொல்லிக்கொண்டு வெள்ளைக்கார டேவிட் போவார். உங்களுக்கு ‘ஆள் எடுத்தாகிவிட்டது’, அவருக்கு ‘நாளைக்கே வா’. அப்படியே உங்களுக்கும் வேலை கொடுத்தாலும் அவருக்கு ஒரு சம்பளம், உங்களுக்கு அதைவிடக் குறைவு என்றெல்லாம் விளக்கினேன். “ஏண்டி யூனிஸ், இல்லேன்னு சொல்லக் கேட்டுட்டு வர்றதுக்குச் சம்பளமா? இங்க அப்பா பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, ஃப்ரீயாவே சொல்றானுங்களே!” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அவள் போன பிறகு உங்கள் கடிதங்களை மறுபடி படித்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் வெளியே வந்ததும் டேவிட் உள்ளே போகிறார். அப்புறம் இருவரும் டீ குடித்துச் சிரிக்கிறீர்கள். கடைசிக் கடிதத்தில், அந்தக் கப்பல் கம்பெனிக் கணக்கர் வேலைக்கு மட்டும், டேவிட் போகவே இல்லை. டீயும் இல்லை. ‘இன்றும் வழக்கம்போலத்தான்’ என்று முடித்துவிட்டீர்கள்.

அத்தான், அது ஆராய்ச்சிக்காகக் கேட்ட வேலை இல்லையே? நிரந்தரமாக ஒன்று கிடைத்ததும் எங்களை அழைத்துக்கொள்வதாகச் சொன்னீர்களே, அதற்காகக் கேட்டதுதானே?

விடியற்காலைக் கனவில் நம் தாம்பரம் ஸ்டேஷன். தண்டவாளமெல்லாம் தண்ணீர், மின்சார ரயில்கள் சத்தமில்லாமல் மிதந்து போகின்றன. டிக்கெட் ஜன்னலில் நீங்கள். உள்ளே யாரோ இல்லை, இல்லை என்று தலையாட்டுகிறார். உங்கள் பின்னால், டேவிட் நிற்க வேண்டிய இடத்தில், பியூலாவைத் தூக்கிக்கொண்டு நான். திரும்பினால் எங்களைப் பார்த்திருப்பீர்கள். திரும்பவில்லை. விழித்த பிறகும் முதல் வண்டி தண்ணீரில் போவது போலவே கேட்டது.

லண்டனுக்கென்று பியூலாவுக்குப் பின்னிய நீல ஸ்வெட்டரை, சளிக்காக, இங்கத்து மார்கழிப் பனிக்கே போட்டுவிட்டேன். இப்போதே கை இறுக்கிப் பிடிக்கிறது. பெரியதாக இன்னொன்று பின்னட்டுமா, நம் ஊர்ப் பனிக்கு இதுவே போதுமா? எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். சிரித்துக்கொண்டு மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் ஏறுகிற படிகளிலும் இறங்குகிற படிகளிலும் கர்த்தர் கூடவே இருக்கட்டும்.

உங்கள்
யூனிஸ்