போர்வைக்குள் டிரம்ஸ்

ஜூன் 4
இன்றும் சத்தமில்லாமல் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தேன். மாடியில் கட்டட உரிமையாளர் மதியம் தூங்குவார். அதனால் கீழே எங்கள் இசைப் பள்ளியில் டிரம்ஸுக்குக் கம்பளிப் போர்வை. "முதல்ல ஒவ்வொரு டிரம்மோட பேரும் பழகட்டும்மா, அடிக்கிறதெல்லாம் அப்புறம்" என்கிறார் தாளாளர். செட் என்னுடையது. போர்வைதான் பள்ளியின் முதலீடு.

ஜூன் 11
மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெயர் சொல்வார்கள். நானும் என் பங்குக்கு விளக்கம் சேர்த்தேன். பாஸ் டிரம்: உருவம் பெரிசு, மிதித்தால்தான் வாய் திறக்கும். ஸ்னேர்: அடியில் கம்பி, லேசாகத் தொட்டாலே சீறும் — என் அண்ணி. ஹை-ஹாட்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டு, எந்நேரமும் கிசுகிசு. கிராஷ்: தனியாகத் தொங்கும் தட்டு, எப்போதாவது வந்து வீட்டையே அதிரவைக்கும் பணக்கார மாமா. ரைட்: இன்னொரு தட்டு, மாதச் சம்பளக்காரன், பாட்டு முழுக்க அதே வேலை.
சிரித்தது என் மூத்த மாணவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் பஸ் ஓட்டுநர் மட்டும். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்!

ஜூன் 18
வகுப்பு முடிந்ததும் ஓட்டுநர் அண்ணன் நின்றார்.
"கிளச்சு, பிரேக்குன்னு பேரை மட்டும் ஒப்பிக்கிறவன் பஸ் எடுத்தா ஏறுவியாம்மா?"
"ஏற மாட்டேண்ணே."
"அப்ப எனக்கு எப்பம்மா அடிக்கச் சொல்லித் தருவ?"
தாளாளரை மீறி அடிக்கவிட்டால் வேலை போகும். இந்த வேலை போனால் அண்ணியின் ஜவுளிக்கடைதான் எனக்குக் கதி.

ஜூலை 2
ஆண்டு விழாவுக்குத் தாளாளரின் ஏற்பாடு: ஸ்பீக்கரில் டிரம்ஸ் பதிவு ஓடும், மாணவர்கள் போர்வைமேல் கையாட்டுவார்கள். சிறப்பு விருந்தினர் யார்? மாடித் தூக்கக்காரர்.
"யாருக்கும் வித்தியாசம் தெரியாதும்மா."
தெரியும். தெரிந்தும் கைதட்டுவார்கள். அதுதான் எரிச்சல்.

ஜூலை 9
ஆண்டு விழா. நினைத்தபடியே கைதட்டினார்கள். ஒருவனுடைய குச்சி கைநழுவி உருண்டது, ஸ்பீக்கரில் தாளம் தன்பாட்டுக்கு ஓடியது. அதற்கும் தட்டினார்கள்.
ஓட்டுநர் அண்ணனின் முறை வந்தது. உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அடிக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. எனக்கு என்ன ஆச்சோ — மேடையேறிப் போர்வையை உருவினேன். ஸ்பீக்கர் ஒயரையும்.
முதல் அடி கிராஷில். அதிர்ந்துபோய் அவரே காதைப் பொத்திக்கொண்டார். பெயர் தெரியும், சத்தம் தெரியாது. இதுதான் நான் சொல்லிக்கொடுத்த லட்சணம்! பிறகு கண்டபடி அடித்தார். கர்ணகொடூரம். அவர் மனைவி மட்டும் எழுந்து விசிலடித்தார்.
மேடைக்குப் பின்னால் தாளாளர்: "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."
"ஏன் சார்?"
"இவ்ளோ சத்தம் போட்டா எப்படிம்மா?"
டிரம்ஸ் வாத்தியாரிடம் கேட்கிறார்.

ஜூலை 10
"கடையில சொல்லி வைக்கட்டா?" என்றாள் அண்ணி. முகத்தில் அப்படி ஒரு கருணை. சரி என்றேன்.

ஜூலை 13
சேலை மடித்தேன்.

ஜூலை 26
கடை விடுமுறை. பஸ் பணிமனைக்குப் போனேன். உதிரி டயர்களுக்குப் பக்கத்தில் என் செட். போன வாரம் அண்ணன்தான் ஏற்றிவந்தார். சுற்றிலும் என்ஜின் உறுமல், யாரும் தூங்கும் இடமில்லை. புதிதாக இரண்டு கண்டக்டர்களும் கற்க வந்திருந்தார்கள். அண்ணன் பாஸையும் ஸ்னேரையும் மாற்றி மாற்றி அடித்தார். வலது கால் முந்திக்கொண்டே இருந்தது.
"தப்புண்ணே."
"ஆமாம்மா, கேட்டுச்சு."