இடது கதவு

மார்ச் 3, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. மழையால் காலையிலிருந்து எல்லாப் பேருந்துகளும் தாமதம். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், என்னவோ மழையை நான்தான் வரவழைத்த மாதிரி. பேருந்து நிலைய அறிவிப்பாளர் வேலையில் இதுதான் கொடுமை. தாமதம் யாருடையதோ, வருத்தம் மட்டும் என்னுடையது. அதையும் இரண்டு தடவை வருந்த வேண்டும். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வது எங்கள் விதி. முதல் தடவை காதைத் திருப்புவதற்கு, இரண்டாவது தடவை விஷயத்தைச் சொல்வதற்கு.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். நசுங்கிய டம்ளரில்தான் குடித்தேன். நல்ல கப்புகள் ஒரு டஜன் இருக்கின்றன. அவை அத்தையின் பீரோவில், பூட்டிய இடது கதவுக்குப் பின்னால், யாரோ மகாராஜா வரப்போகிற மாதிரி காத்திருக்கின்றன. சாவி அத்தையின் இடுப்பில். "நீ எடுத்தா ஒடச்சிருவே"ன்னு கல்யாணமாகி வந்த வாரமே சொல்லிட்டாங்க. பதினோரு வருஷம். நான் உடைத்தது என் மண்டையை மட்டும்தான்.

மார்ச் 7, சனி

ஒலிபெருக்கி கரகரத்ததால் ரிப்பேர்காரரை அனுப்பினார்கள். ஒட்டடைக்குச்சி உயரம். எந்த அறைக்குள் வந்தாலும் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பதால் எல்லோரும் கொக்கி என்கிறார்கள். அவரும் அதற்குத்தான் திரும்புகிறார்.

வெளியே போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, "ஏதாவது பேசுங்கக்கா, மைக் டெஸ்ட் பண்ணணும்" என்றார். காலையில் டம்ளர் விஷயத்தில் மறுபடியும் ஒரு வாக்குவாதம். வாயில் இருந்தது வந்துவிட்டது. பேருந்துகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து எதுகை மோனையோடு ஆட்களைத் திட்டுவது எனக்குப் பல வருஷப் பழக்கம்.

கொக்கி ஹெட்போனைக் கழற்றவே இல்லை. "அக்கா, இது ராப்."

"இது கோபம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

வீட்டில் கணினியில் இசை போடுவாராம். கம்பெனி எதுவும் கிடையாது, அவரே செய்து அவரே இணையத்தில் விடுவார். கேட்பதற்கு ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறதாம். அண்டர்கிரவுண்டு ஹிப்ஹாப். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "போலீஸ் பிரச்சினை வராதே?" என்றார்.

மார்ச் 19, வியாழன்

கொக்கி ஒரு சின்ன ரெக்கார்டர் கொடுத்திருக்கிறார். சத்தமில்லாத இடம் வேண்டுமாம். எங்கள் வீட்டிலா? எதிரே தகரப் பட்டறை. பின்பக்கம் இருக்கும் அத்தை அறை ஒன்றுதான் அமைதி. அதிலும் எதிரொலி.

ஆகவே, பீரோ.

அத்தை பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பீரோ. ஆளையே உள்ளே வைத்துப் பூட்டலாம். இடது பக்கத்தில் பூட்டு, வலது பக்கத்தில் கம்பளிகள். மதியம் அத்தை முன்னறையில் டிவி பார்க்கும்போது வலது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்துருண்டை நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் குரல்! கம்பளிக்குள் என் குரல் எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது!

மார்ச் 20, வெள்ளி

கொக்கி போன் செய்தார். "நல்லா இருக்குக்கா. ஆனா ஏன் ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவ சொல்றீங்க?"

சொன்னேனா?

மார்ச் 22, ஞாயிறு

சொல்லியிருக்கிறேன். நாலு பாட்டிலும். மறுபடி பதிவு செய்தேன். ஒரு தடவைதான், ஒரு தடவைதான் என்று சொல்லிக்கொண்டே செய்தேன். கேட்டுப் பார்த்தால் மறுபடியும் இரண்டு இரண்டாகத்தான் இருக்கிறது. ஒரு பாட்டின் முடிவில் 'நன்றி' வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கொக்கி திருத்தப் போவதில்லையாம். "மொதல் தடவ கோவமா வருது. ரெண்டாவது தடவ பஸ் நம்பர் சொல்ற மாதிரி அமைதியா வருது. அந்த அமைதிதான்க்கா பயமா இருக்கு." ஆல்பத்துக்கு 'இரண்டாம் முறை' என்று பெயரும் வைத்துவிட்டார். என் பெயர் வேண்டாம், வேலைக்கு உலை வைத்துவிடும் என்றேன். 'நடைமேடை நாலு' என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். கழிப்பறைக்குப் பக்கத்து நடைமேடை அது. என் ராசி அப்படி.

ஏப்ரல் 9, வியாழன்

மாட்டிக்கொண்டேன். பீரோவிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கிறேன், எதிரே அத்தை. என் முகம் சிவந்து, கண் கலங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அத்த. அந்துருண்ட."

அத்தை இதற்கு முன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 11, சனி

அத்தை எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நார் எல்லாம் எடுத்து. விஷம் கலந்திருக்குமோ என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு தின்றுவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

விஷயம் புரிந்துவிட்டது. நான் தினமும் பீரோவுக்குள் போய் அழுகிறேனாம்! நாத்தனாருக்குப் போன் போட்டு, "வாயில்லாப் பூச்சிடி அவ, வெளிய அழக்கூட மாட்டேங்குறா" என்று சொல்லியிருக்கிறார். நான். வாயில்லாப் பூச்சி.

இவருக்குத்தான் மண்டகப்படி. "பொண்டாட்டிய பீரோவுல உக்காந்து அழ வைக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?" உண்மை தெரிந்தும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. "எனக்கு வீட்டுல மரியாதையே போச்சு. சீக்கிரம் பாடி முடி" என்றார், அவ்வளவுதான். சில சமயம் இவரைக் கல்யாணம் செய்தது நல்ல முடிவாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 27, திங்கள்

ஏழு பாட்டு ஆகிவிட்டது. மேலாளர் பற்றி ஒன்று. ஊர் ஃபிரிட்ஜை எல்லாம் சரிசெய்துவிட்டு வீட்டு ஃபிரிட்ஜை ஒழுகவிடும் புருஷன் பற்றி ஒன்று. கடைசியாக 'இடது கதவு'.

சாவி உங்க இடுப்புல,
சம்பாரிச்சது அடுப்புல,
நல்ல கப்பு இருட்டுல,
நசுங்கினது என் விரலுல.
பதினோரு வருஷம் இந்த வீட்டுல —
பாதிப் பீரோ இன்னும் பூட்டுல.

ஒவ்வொன்றும் இரண்டு தடவை. கொக்கி கேட்டுவிட்டு, "மத்த ஆறும் இதுக்குப் படிக்கட்டு. ஆல்பமே இதுதான்க்கா" என்றார்.

தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இன்று காலை அத்தை என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். பதினோரு வருஷத்தில் இப்போதுதான் என்னை மனுஷியாகப் பார்க்கிறார். இந்தப் பாட்டு அவர் காதில் விழுந்தால்? ஆரஞ்சு, தைலம் எல்லாம் போச்சு.

மே 6, புதன்

பீரோவைத் திறந்தேன். கம்பளிகளை ஓரமாக ஒதுக்கி, உட்காருவதற்கு ஒரு மெத்தை போட்டிருக்கிறார். பின்னாலிருந்து அத்தை குரல்: "அழுறதுதான் அழுற, கால் மரத்துப்போகாம அழு."

கதவைச் சாத்திக்கொண்டு இன்று நிஜமாகவே அழுதேன்.

கொக்கிக்குப் போன் செய்து 'இடது கதவு' வேண்டாம், எடுத்துவிடு என்றேன். "பாக்கலாம்க்கா" என்றார்.

மே 10, ஞாயிறு

நாத்தனார் வந்தார். இடது கதவு திறந்தது! ரோஜாப்பூ போட்ட கப்பில் அவருக்குக் காபி. எனக்கு அதே நசுங்கிய டம்ளர். "அவளுக்கு அதுலதான் பழக்கம்" என்றார் அத்தை, பாசமாக. பாசமாகத்தான் சொன்னாங்க, அதுதான் தாங்கல. நாத்தனார் கிளம்பியதும் கப்பைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினார். க்ளிக்.

மெத்தை வேறு, கப்பு வேறு. கொக்கிக்குப் போன் போட்டேன். "பாட்டைப் போடு."

"எடுக்கவே இல்லக்கா" என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

ஆல்பம் வெளியாகி ஒரு வாரம். இதுவரை கேட்டது நாற்பத்தொரு முறை. அதில் பாதி நான், மீதி கொக்கியின் அம்மா.

ஜூன் 27, சனி

யாரோ ஒரு மாணவி பரப்பிவிட்டாள் போலிருக்கிறது. ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களாம். ஒரு கம்பெனிக்காரர் கொக்கியைக் கூப்பிட்டு, இரண்டாவது தடவைகளை வெட்டிவிட்டால் தாங்களே வெளியிடுவதாகச் சொன்னாராம். வெட்டினால் மிச்சம் இருப்பது சாதாரண மாமியார் சண்டை என்று கொக்கி போனை வைத்துவிட்டார். ரோஷக்காரர்.

ஜூலை 8, புதன்

இன்று மூன்றாம் நடைமேடையில் இரண்டு பையன்கள் ராப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை! முதல் தடவை கோபமாக, இரண்டாவது தடவை அமைதியாக. ஊரில் புதிதாகப் பாடுகிறவர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தானாம். ஒருவர் இணையத்தில் நீளமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார். கேட்கப்படாத பெண் தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதுதான் அந்த இரண்டாம் முறையாம். படித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. பழக்கதோஷம் என்று நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்?

அந்தப் பையன்கள் பாடும்போதே என் அறிவிப்பு நேரம் வந்தது. பேசினேன். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அத்தை நேற்று கண் டாக்டரிடம் போய்விட்டுப் பேருந்தில் வந்தார். வந்ததிலிருந்து பேச்சில்லை. கண்ணில் ஒன்றும் இல்லையாம், இவர் சொன்னார்.

ஆகஸ்ட் 3, திங்கள்

பேச்சில்லை. ஆரஞ்சும் இல்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னார்: "பஸ்ஸுல பக்கத்து சீட்டுப் பொண்ணு ஒரு பாட்டு போட்டா. மாமியாரப் பத்தி."

இவர் உடனே ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார்.

"அத்த... அது நான்தான்."

"பஸ் ஸ்டாண்டுல பதினோரு வருஷமா உன் குரலக் கேக்குறேன். கண்ணு டாக்டருகிட்டதான் போனேன், காது டாக்டருகிட்ட இல்ல." தட்டை நகர்த்திவிட்டு, "அப்ப நீ உள்ள அழல?" என்றார்.

"இல்ல அத்த."

"ஒரு நாள்கூட?"

"ஒரே ஒரு நாள். மெத்தை போட்ட அன்னிக்கு."

"நாரெல்லாம் எடுத்து உரிச்சுக் குடுத்தேன்டி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷம் அவரிடம் வாங்கிய திட்டெல்லாம் சேர்ந்தாலும் இந்த அளவுக்கு வலித்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். வேலைப் பழக்கம் இல்லை, நிஜமாகவே. எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, புதன்

பீரோவில் மெத்தை இல்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

எல்லோரும் என் வரிகளைப் பாடுகிறார்கள். வீட்டில் ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை. பாட்டை நீக்கிவிடலாமா என்று கொக்கியிடம் கேட்டேன். "இப்போதைக்கு வேணாம்க்கா. எதிர்த்தரப்பு ஒரு வேலையா இருக்காங்க" என்று என்னவோ உளறினார். அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 12, புதன்

மின்தடை. மேலாளர் சீக்கிரம் அனுப்பிவிட்டார். வாசலில் ஒட்டடைக்குச்சி அளவுக்கு இரண்டு செருப்புகள்.

அத்தை அறையில் கொக்கி, ஹெட்போனுடன், கழுத்தை வளைத்துக்கொண்டு தரையில். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். கட்டில் முழுக்க ரோஜாப்பூக் கப்புகள், ஒரு டஜனும். பீரோவின் வலது கதவு திறந்து கிடந்தது. இடது கதவுதான் சாத்தியிருந்தது. இவரிடம் நம்பர் வாங்கி அத்தையே கொக்கியைக் கூப்பிட்டிருக்கிறார். "அவ பக்கம் எனக்கு வேணாம், என் பக்கம் போதும்" என்று அத்தை சொல்லிவிட்டாராம். உட்கார இடம் வேண்டும் என்றுதான் கப்புகளை வெளியே எடுத்திருக்கிறார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. தாளம் கொஞ்சம் முன்னே பின்னேதான்.

என் இடுப்புச் சாவிய பாட்டுல வச்ச,
எட்டூரு கேக்க என் மானத்த வித்த.
பூட்டத் திட்ட வாய் இருந்துச்சு,
'சாவி குடுங்க'ன்னு கேக்க எது தடுத்துச்சு?

முதல் தடவை கோபமாக வந்தது. கொக்கி கையைத் தூக்கி, காத்திரு என்பது போலக் காட்டினார். இரண்டாவது தடவை அமைதியாக.

கேட்டேனா? யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"யாரு வெளிய? ரெகார்டிங் நடக்குது, சத்தம் போடாதீங்க!"

"நான்தான் அத்த." தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "சாவி குடுங்க."

"கதவுலயேதான் தொங்குது, கண்ணு தெரியலயா? நீயும் போய் டாக்டரப் பாரு" என்றார்.

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கட்டிலிலிருந்து மூன்று கப்புகளை எடுத்துக்கொண்டு காபி போடப் போனேன். கழுவும்போது ஒன்றின் காது உடைந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கு அவருக்கும் விஷயம் வேண்டுமே.