கொலுசு போடாத பெண்

செலையூர்,
கிழக்குத் தாம்பரம்.
14-2-1971

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு பியூலா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். எத்தியோப்பியாவில் குளிர் குறைந்ததா, உங்கள் தொண்டைக்கட்டு விட்டதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்கள் இங்கிலீஷைப் புரிந்துகொள்கிறார்களா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே அது புரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு கட்டளை போட்டிருக்கிறீர்கள். ஒன்று, வீட்டை விற்றுவிட்டு உங்கள் தம்பி ஜீவரத்தினத்தின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். இரண்டு, பேய்ப் படம் பார்ப்பதை நிறுத்த வேண்டும். யார் எழுதிப் போட்டது என்று எனக்குத் தெரியாதா? ஜீவரத்தினம் போன மாதம் வந்து என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போனார். சாப்பிட்ட கை காய்வதற்குள் அண்ணனுக்குக் கோள் எழுதியாகிவிட்டது. நல்லா இருக்கட்டும்.

ஆமாம், போகிறேன். ஏரிக்கு அந்தப் பக்கம் டூரிங் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பேய்ப் படம் என்றால் மாலைக் காட்சிக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள்தான் துணை. நமக்கு இந்த மனையை விற்ற அதே கங்கையம்மாள். கொட்டகையில் ஒரே ஒரு மெஷின், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அதுவரை அலறிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விளக்கு அணைந்ததும் மறுபடி என் கையைப் பிடித்துக்கொள்வாள் கங்கையம்மாள். என் வளையல் போடாத கையில் அவள் நகம் பட்ட தழும்பு இருக்கிறது. வீடு திரும்பும்போது, "இன்னா பேஜாரு புட்ச்ச படம் டீச்சரம்மா, மன்சனுக்குத் தூக்கமே வராது" என்று திட்டுவாள். வாசலில் நின்று, "நாளைக்கும் போலாமா?" என்பாள்.

அவளுக்குப் பயப்படப் பிடிக்கிறது. ஊருக்கே பிடிக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை பேர் மணலில் உட்கார்ந்து எதற்குக் கத்துகிறார்கள்? ஆனால் நான் அதற்காகப் போகவில்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொள்ளும் நேரத்தில் நான் நன்றாகத் திறந்து வைத்துக்கொள்கிறேன். செத்துப்போனவள் கதவைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் வருகிறாள். பெற்றவர்களே அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அட முட்டாள்களே, ஏன் ஓடுகிறீர்கள், உட்காரவைத்து ஒரு வாய் சோறு போடுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. எனக்கு அந்தப் படத்துத் தாயைப் பார்த்தால் பொறாமை அத்தான். அவ்வளவுதான் விஷயம்.

நம் ஞானஜோதி காய்ச்சலில் போய் இரண்டு கிறிஸ்மஸ் ஆகிவிட்டது. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. வந்த வேலையை விட முடியுமா? ஆனால் நான் இந்த வீட்டில்தான் இருந்தேன். அவள் படுத்த பாய் இங்கே இருக்கிறது. வாரப் பத்திரிகையில் வந்த பேய்த் தொடர்கதை நினைவிருக்கிறதா? நான் வாசிக்க வாசிக்க அவள் என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பயமா இருக்கும்மா, இன்னும் வாசிங்க" என்பாள். நீங்கள் அடுத்த அறையிலிருந்து, பிள்ளைக்கு வேதம் வாசித்துக் காட்டு என்று அதட்டுவீர்கள். அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் வந்த வாரம் அவள் இல்லை. நானும் அதை வாசிக்கவில்லை.

நம் போதகர் வேதசிரோமணியையும் ஜீவரத்தினம் தூண்டிவிட்டிருக்கிறார். அவர் வந்து, மரித்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையாயிருக்கிறார்கள், அவர்களைத் தேடுவது பாவம் அம்மா என்றார். மரித்த லாசரு கல்லறைத் துணியோடு எழுந்து வந்தபோது அவன் சகோதரி மார்த்தாள் பயந்து ஓடினாளா ஐயா என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு ஜெபம்பண்ணிப் போய்விட்டார். நல்ல மனிதர், அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்னொரு சங்கதியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நம் வீட்டில் பேய் உலாவுகிறதாம். நான் பள்ளிக்கூடம் போனபின், பூட்டின வீட்டுக்குள் உச்சி வேளையில் கொலுசுச் சத்தம் கேட்கிறதாம். கிளப்பிவிட்டது கங்கையம்மாள்தான். நேரே போய்க் கேட்டேன். "பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சிபூடும் டீச்சரம்மா. ஜல்லு ஜல்லுன்னு உங்க கொயந்த நடந்துகினே கீது. நான் காதால கேட்டேன்" என்று சத்தியம் பண்ணுகிறாள். எனக்கு வந்ததே கோபம். என் பெண் என்றைக்கடி கொலுசு போட்டாள்? உங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக நகை உண்டா? நான் வாழ வந்த அன்றே என் தோடு கழன்றது. ஒரு முழம் பூ வைத்தாலே உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? கொலுசு போட்டுக்கொண்டு வருவது சினிமாப் பேய், அதைக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்து என் பிள்ளை காலில் மாட்டுகிறாயா என்று கத்திவிட்டேன். வீட்டுக்குள் வந்து அழுதேன். வருவது யாரோ, என் பெண் இல்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

வீடு உங்கள் பேரில் இருக்கிறது, அதை விற்கும் பவர் பத்திரம் உங்கள் தம்பியிடம் இருக்கிறது. நான் வேண்டாம் என்றால் நிற்காது. நீங்கள் சொன்னால்தான் நிற்கும். சொல்லுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கள்,
பியூலா


செலையூர்,
28-3-1971

அன்புள்ள அத்தான்,

பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதமா, நீங்கள் தாமதமா தெரியவில்லை. காத்திருக்க நேரமில்லாததால் மறுபடி எழுதுகிறேன்.

ஜீவரத்தினம் வீடு பார்க்க ஒருவரை அழைத்து வந்தார். லோகநாதன் என்று பெயர், ரயில்வேக்காரர். கங்கையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, வூட்ல பேய் கீது சார், பாத்து வாங்குங்க என்று தன்னால் ஆனதைச் செய்தாள். அவர் சிரித்தார். "இடிச்சிட்டுப் புதுசா கட்டிட்டா எந்தப் பேயும் நிக்காதும்மா" என்றார். எங்கே பூஜை அறை, எங்கே மாடிப்படி என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அவர் பூஜை அறை என்று காட்டிய இடம் ஞானஜோதி படுத்த இடம். ஈஸ்டர் கழித்துப் பத்திரம் பதிவு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். நான் மோர் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து வாசியுங்கள்.

போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. கஞ்சி வடித்து இறக்கி வைத்தேன். நல்ல உச்சி வெயில், தெருவில் காக்காய்கூட இல்லை. அப்போது கேட்டேன். பிள்ளையின் அறையிலிருந்து இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு எட்டு. ஓசையைக் கங்கையம்மாள் சொன்னபோது கத்தினேன் அல்லவா? அதே ஜல் ஜல். ஓடிப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. அணிலோ எலியோ என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. நாற்காலி போட்டுப் பரண்மேல் ஏறித் தேடினேன்.

பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடியை நெம்பித் திறந்தால், மேலே அந்தப் பேய்க் கதை. வாரா வாரம் கத்தரித்து நூலால் தைத்து வைத்திருக்கிறாள் கழுதை. அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தேன். ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. அத்தான், அந்தக் கைக்குட்டையின் மூலையில் 'த' என்று சிவப்பு நூலில் எழுத்து இருக்கிறது. உங்களுக்கு நான் போட்டுக் கொடுத்த எழுத்து.

அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள்! சபையில் நகை ஆகாது என்று மணிக்கணக்காகப் பேசின தயாளன் சார், யாருக்கும் தெரியாமல் வெள்ளிக் கடைக்குப் போயிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா, அப்போது போட்டு நடந்து பார்த்திருப்பாள். நான் கதவைத் தட்டியதும் கழற்றி ஒளித்திருப்பாள். பரண் அடியில் நின்று சிரித்தேன், அழுதேன். கோபம் கொஞ்சமும் இல்லை. என் பிள்ளை ஆசைப்பட்டதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பிறகுதான் யோசித்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, டின் மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து சத்தம் வர வழியே இல்லை. நான் பேய்ப் படம் பார்த்துப் பார்த்துப் புத்தி பேதலித்துப் பிள்ளையைக் கற்பனை செய்கிறேன் என்றுதானே உங்கள் தம்பி சொல்கிறார்? நான் கற்பனை செய்திருந்தால் அவள் வெறுங்காலோடு அல்லவா வந்திருப்பாள்? கொலுசு எனக்குத் தெரியாது. கங்கையம்மாளுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

கங்கையம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொலுசைக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எனக்குக் கொலநடுக்கமா கீது டீச்சரம்மா" என்றாள். ஆனால் போகவில்லை. மறுநாள் உச்சி வேளைக்கு முறத்தோடு வந்து நம் கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள்.

அந்தப் பழைய பத்திரிகையைத் தேடிப் பிடித்துக் கடைசி அத்தியாயத்தையும் எடுத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பிள்ளையின் பாயை விரித்து, கொலுசை முடிச்சோடு மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தேன். பாழடைந்த பங்களாவில் அந்தப் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு படியேறும் இடத்தில் நிறுத்திவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஜல் என்று ஒரே ஒரு சத்தம். மடியில் முடிச்சு அசையவில்லை. பயமாகத்தான் இருந்தது அத்தான். இன்னும் வாசித்தேன்.

ஒரு பக்கம் மட்டும் மீதி வைத்திருக்கிறேன். கதை முடிந்துவிட்டால் அவள் எதற்கு வருவாள்? அதை உங்கள் வாயால் அவள் கேட்கட்டும். நீங்கள் வேலைக்காகத்தான் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று ஊருக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பயந்துதான் போனீர்கள், இனி வேலை என்று சொல்ல வேண்டாம். ஜீவரத்தினத்துக்கு உடனே தந்தி கொடுங்கள், இடிக்கக் கூடாது என்று. பெரிய விடுமுறைக்குக் கப்பல் ஏறுங்கள்.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உங்களைத் தம் கையில் தாங்கிக் கொண்டுவந்து சேர்ப்பாராக. பயமாக இருக்கிறதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள். பயமாகத்தான் இருக்கும். வாருங்கள்.

உங்களை எதிர்பார்த்து,
நாங்கள்.