தூதன் கடைசியில் சொன்ன வரி

மாப்ள,

இன்று மதியம் நாடகப் பெட்டியைத் திறந்தேன். ஒட்டுமீசைப் பசையின் வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். மூடிவிடலாம் என்றால் அதற்கும் கை வரவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே தெம்பில்லை.

செல்லூரில் உன் விசைத்தறிக் கூடத்துக்கு ஞாயிறுதான் விடுமுறை. தறிகள் ஓயும் அந்த ஒரு நாளில், நூல் மூட்டைகளுக்கு நடுவில் நம் ஒத்திகை நடக்கும். பழைய கிரேக்கர்களின் நாடகக் கொள்கையை எங்கோ படித்துவிட்டு வந்து எங்கள் உயிரை வாங்குவாய். திருவாதவூர்த் திருவிழாவில், "நல்ல நாளும் அதுவுமா மேடையில பொணம் விழக்கூடாதுப்பா" என்று ஊர்க்காரர்கள் மறித்தபோது நாங்கள் விழித்தோம். நீ மட்டும் சிரித்தாய்.

"கிரேக்கக்காரனும் இப்படித்தான் மாப்ள செஞ்சான். சாவு உள்ளுக்குள்ள நடக்கட்டும். தூதன் வந்து சொல்லட்டும்."

தூதன் வேடம் என் தலையில் விழுந்தது. அதன்பிறகு அதை யாருக்கும் நீ கொடுக்கவில்லை. "முடிவ மொதல்லயே போட்டு உடைக்காத. ஆதியில இருந்து வரிசையாச் சொல்லு. நீ அழாத, சனம் அழும்" என்பாய். அப்படி அழுதால் உள்ளே தேங்கிய பயமும் இரக்கமும் வடிந்து மனசு லேசாகும் என்பது உன் கிரேக்கர்களின் கணக்கு. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தும்போது எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறும்.

ஆஸ்பத்திரியில் உன் உயிர் போன அன்று காலை, உனக்குக் கஞ்சி காய்ச்ச வீட்டுக்குப் போயிருந்த உன் மனைவி செல்வியிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன்.

"எப்படிண்ணே இருக்காரு?"

என் வாய் பழக்கப்பட்ட வரிசையில் போனது. விடியும்போது நெஞ்சு வலித்தது, டாக்டர் ஓடி வந்தது, ஊசி போட்டது, நீ கண் திறந்து தண்ணீர் கேட்டது. தண்ணீர் கேட்டாய் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கஞ்சி ரெடிண்ணே, சேர்ந்தே போயிருவோம்" என்று தூக்குவாளியை எடுத்து மூடியை அழுத்தினாள்.

அதற்குப் பிறகுதான் கடைசி வரிக்கு வந்தேன். அழவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? அந்த வாளிய எடுத்திருக்க மாட்டேன்ல." கெட்டவன் விழுந்தால் யாரும் இரங்க மாட்டார்கள், ஓரளவு நல்லவன் ஒரு பிசகால் விழவேண்டும் என்பாயே, அதைச் சொல்லி என்னைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை.

திருவாதவூரில் மறுபடி அதே நாடகம். இன்று சாயங்காலம் உன் கூடத்தில் ஒத்திகை. மீசையை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். "அவர் இறந்துவிட்டார்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். "என்னண்ணே, நாடகமே போச்சே!" என்று நம் பையன்கள் கத்தினார்கள். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. நீ கூடாதென்ற அழுகைதான் வந்தது.

டீத் தட்டோடு வந்த செல்வி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு வந்து என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள்.

"குடிங்கண்ணே. ஆறிப்போகுது."

உன் சொல்லை மீறியது இது ஒன்றுதான் மாப்ள, திட்டாதே. மனசு கொஞ்சம் லேசானது உண்மைதான். ஆனாலும் அந்த வாளி மூடியை அவள் அழுத்திய சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.