தூரத்தைத் தின்னும் லென்ஸ்

4 ஆகஸ்ட் 1978, வெள்ளி

கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் பாதிவரை அகராதி வைத்துப் படித்துவிட்டேன். சாராள் அக்கா நர்ஸாக இருக்கும் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு ஜெர்மன் டாக்டரம்மா இருந்தார். ஊர் திரும்பும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கேமரா இது. லென்ஸைத் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டலாம்.

அக்காவுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள். "குடும்பம் மொத்தமும் ஒரே படத்துல எனக்கு வேணும். இன்னா லென்ஸ் நல்லதுன்னு நீயே படிச்சுச் சொல்லு, வாங்கித் தரேன்" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இவ்வளவு பெரிய காரியத்தை யார் ஒப்படைப்பார்கள்?

ஆனால் குடும்பம் மொத்தமும் எங்கே இருக்கிறது? உருக்காலையில் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஜெயராஜ் அண்ணன் கேட்டுக்கு வெளியே, சங்கப் பந்தலில். எங்களைப் பெற்ற நைனாவோ அங்கே மேஸ்திரி, வேலைநிறுத்தத்தில் சேராமல் கேட்டுக்கு உள்ளே. போலீஸ் காவலோடு கம்பெனி வேனில் போய் வருகிறார். இன்று மாலை வேன்மீது கல் விழுந்து நெற்றி கிழிந்து வந்தார். சட்டைக் காலரெல்லாம் ரத்தம். அம்மா காயத்தில் காப்பித்தூளை வைத்து அழுத்தினாள்.

"எவன் அடிச்சான் தெரியுமாடி? நீ பெத்தியே, அவன்தான்."

பார்த்தாரா? பார்க்கவில்லை. சொன்னார்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அக்காவும் நானும் ரயிலேறிப் பொன்னேரி போனோம். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சுப்பராயனிடம் எங்கள் கேமராவுக்குப் பொருந்துகிற பழைய லென்ஸ் இரண்டு உண்டு. குட்டையானது முப்பத்தைந்து எம்.எம்., நீளமானது நூற்று முப்பத்தைந்து. ஒன்றுதான் வாங்க முடியும்.

"குடும்பம்னா முப்பத்தஞ்சுதாம்மா. ரூமுக்குள்ளயே நின்னு எடுத்தா மாமன் மச்சான் எல்லாம் பூந்துடுவான். ஓரத்துல மட்டும் குண்டா இருக்கறவங்கள நிக்க வெச்சுடாத. இன்னும் குண்டாக்கிடும். அப்பால சண்டைக்கு வருவாங்க."

"இந்த நீளமானது?"

"அது தூரத்த துன்னுடும். முன்ன ஒருத்தன், பின்ன ஒருத்தன் நின்னாலும் ஒட்டிக்கினு நிக்கிற மாரி காட்டும். ஊட்டுக்குள்ள ஒதவாது."

அதை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து பார்த்தேன். ஒரு மாட்டுவண்டி, அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு லாரி. கண்ணாடிக்குள் லாரி மாட்டின் முதுகில் ஏறுவதுபோல் இருந்தது. கண்ணை எடுத்தேன். நடுவில் எத்தனை இடம்! மறுபடி வைத்தேன். இடமே இல்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

அண்ணன் மாற்றுத்துணி எடுக்க வந்தான். நைனா வருவதற்குள் போய்விடுவான் என்றுதான் அம்மா சோறு போட்டாள். நைனா சீக்கிரம் வந்துவிட்டார்.

"சங்கத்துலயே துன்னு, சங்கத்துலயே தூங்கு. இங்க இன்னாடா வேல உனக்கு?"

"எங்கம்மாவ பாக்க வந்தேன். கருங்காலி மூஞ்சிய பாக்க வரல."

நைனா இரும்பு வாளியைத் தூக்கி அடித்தார். அண்ணன் தோளில் பட்டது. தட்டு, சோறு, குழம்பு எல்லாம் சுவரில். அண்ணன் எழுந்தபோது அவன் கையில் அருவாமனை. எப்போ எடுத்தான்? நான் பாக்கலியே, நான் அங்கதானே இருந்தேன் — அம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து வெறுங்கையால அதைப் பிடிச்சுட்டாங்க. உள்ளங்கை பிளந்துபோச்சு. நான் மூலையில கேமராவ நெஞ்சோட அணைச்சுக்கினு உக்காந்திருந்தேன். கேமராவத்தான் காப்பாத்தினேன். அம்மாவ இல்ல.

அண்ணன் அருவாமனையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடினான். நைனா கதவைத் தாழிட்டு அவன் துணியையெல்லாம் கிழித்தார்.

10 ஆகஸ்ட், வியாழன்

நூற்று முப்பத்தைந்து என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். "அவங்க ரெண்டு பேரும் கைக்கு எட்டாத தூரத்துல நிக்கலாம்" என்றேன். அவள் என் தலையைக் கோதினாள்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

எடுத்துவிட்டேன்!

லென்ஸை வாங்கித் தந்து, இரண்டு பக்கமும் அக்காவே தூது போனாள். "அவன் கைக்கு எட்டுனா நான் கைய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டேன்" என்று நைனா. "அவரு திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா போய்க்கினே இருப்பேன்" என்று அண்ணன்.

ஏரி வற்றிக் கிடக்கிறது. உள்ளே நாற்காலி போட்டு நைனா. ஒரு பக்கம் அம்மா, கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மறுபக்கம் அக்கா. அவர்களுக்குப் பின்னால் இருபதடிக்கு மேல் தள்ளி, கரைச் சரிவில் அண்ணன். நைனா நாற்காலிக்கு அடியில் இரும்புக் கம்பி வைத்திருந்தார். அது படத்தில் தெரியாதபடி அம்மா புடவையை இழுத்துவிட்டாள்.

நான் குரல் எட்டாத தூரத்துக்குப் போனேன். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் தெளிவாக விழவேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. செய்தேன். மூன்று முறை அழுத்தினேன்.

மூன்றாவது முடிந்ததும் அண்ணன் கரையேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டான். நைனா கம்பியோடு எழுந்து திரும்பினார். ஆள் இல்லை. நாற்காலியை மிதித்தே உடைத்தார்.

19 ஆகஸ்ட், சனி

படம் வந்துவிட்டது. அண்ணன் நைனாவின் தோளை உரசிக்கொண்டு நிற்கிறான்! வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது சிரிப்புபோல விழுந்திருக்கிறது. அம்மா இருவருக்கும் நடுவில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "அந்த எடம் எங்கடி போச்சு?" என்றாள்.

சுப்பராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவிட்டார். "இந்தக் காலத்துல இப்டி ஒத்துமையா ஒரு குடும்பம்! நம்ம கடைக்கு வெளம்பரம்மா." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

22 ஆகஸ்ட், செவ்வாய்

அடிச்சுட்டாங்க. அண்ணன அடிச்சுட்டாங்க.

23 ஆகஸ்ட், புதன்

பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சங்கத்து ஆட்கள் உண்டியல் குலுக்கப் பொன்னேரி போயிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரியும் மகனும் தோளோடு தோள், சிரித்துக்கொண்டு. பெட்டியை அங்கேயே உடைத்துவிட்டு, பந்தலுக்கு வந்து அண்ணனைக் கொடிக்கம்பாலேயே அடித்திருக்கிறார்கள். வலது முழங்கை உள்ளுக்குள் மூன்று துண்டாம். விலா எலும்பும் உடைந்திருக்கிறது. மூச்சு விடும்போது அவன் நாய்க்குட்டிபோல் முனகுகிறான்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரியும். "உன் லென்ஸ் நல்லாத்தான் வேல செய்து" என்றான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

24 ஆகஸ்ட், வியாழன்

பள்ளிக்கூடம் போகாமல் பந்தலுக்குப் போனேன். நெகட்டிவையும் புத்தகத்தையும் கொண்டுபோனேன். சங்கச் செயலாளர் அரசப்பன் மாமா உட்கார்ந்திருந்தார். அண்ணனைச் சங்கத்தில் சேர்த்ததே அவர்தான்.

"மாமா, அண்ணன் ரொம்ப தள்ளி நின்னான். இந்த லென்ஸுல தூரம் தெரியாது. இந்தப் பக்கத்துல பாருங்க."

"எங்க ஊட்ல கொழந்த பசியில கத்துது. நீ லென்ஸ் கத சொல்ல வந்துட்டியா? கண்ணால பாத்தோம்மா."

"கண்ணால இல்ல மாமா. லென்ஸால."

யாரோ சிரித்தார்கள். ஒருவன் என் கால் பக்கத்தில் துப்பினான். "வாத்தியாரம்மா கெளம்பட்டும்" என்றான் இன்னொருவன்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். நைனா கேட்டுக்கொண்டிருந்தது தெரியாது. கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது சட்டையில் இருந்த ரத்தம் அவருடையது இல்லை. அரசப்பன் மாமாவுக்குத் தோள்பட்டை முறிந்துவிட்டதாம். விளக்கு வைக்கும் நேரத்தில் போலீஸ் வந்து நைனாவைக் கூட்டிக்கொண்டு போனது. ஓட்டின்மேல் கல் விழுந்துகொண்டே இருக்கிறது. நானும் அம்மாவும் கட்டிலுக்கு அடியில்.

26 ஆகஸ்ட், சனி

போதகர் ஐயா ஜாமீன் கையெழுத்துப் போட்டு நைனாவை மீட்டுவந்தார். உதடு வீங்கியிருக்கிறது. கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "நாளு தவறாம உள்ள போனேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா வீட்டில் இருந்த படத்தைச் சுக்கலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அக்கா தன்னுடையதைப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்தாள். "வேணாம்க்கா, அது பொய்" என்றேன்.

"அங்க யாருடி கேக்கப்போறா, எவ்ளோ தூரத்துல நின்னாங்கன்னு?"

28 ஆகஸ்ட், திங்கள்

அக்கா போய்விட்டாள். கேமராவை எனக்கே விட்டுவிட்டாள்.

30 ஆகஸ்ட், புதன்

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பந்தலில் அவனுக்கு இனி இடமில்லை. ஒரே அறை. நைனா ஒரு சுவரோரம், அவன் எதிர்ச் சுவரோரம். காலையில் வேன் வந்து ஆரன் அடித்தது. நைனா எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. "போவச் சொல்லு" என்றார் என்னிடம்.

3 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் முகம் முழுக்கத் தாடி. வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. இடது கையால் மழித்துக்கொள்ளப் பார்த்துக் கன்னத்தைக் கீறிக்கொண்டான். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் அவன் கையிலிருந்து சவரக்கத்தியைப் பிடுங்கினார்.

அம்மா அடுப்படியில் எழுந்து நின்றுவிட்டாள். கட்டுப்போட்ட கை தானாக முன்னால் நீண்டது.

"தலைய தூக்குடா."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். தூக்கினான். கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. கத்தி அதன்மேல் மெதுவாக ஏறியது.

"நைனா..."

"வாய மூடு. அறுத்துக்கும்."

கேமராவை எடுத்தேன். இந்த லென்ஸை வைத்துக்கொண்டு அறைக்குள் எங்கே பின்வாங்குவது? சுவரில் முதுகு முட்டியது. முப்பத்தைந்தாக இருந்தால் எல்லோரும் விழுந்திருப்பார்கள். இதில் நைனாவின் கட்டைவிரல், கத்தி, சோப்பு நுரை, அண்ணனின் தாடை. அவ்வளவுதான். இரண்டு முகங்களும் வெளியே. பார்க்கிறவர்களுக்கு யாரென்றே தெரியாது. இதற்காக யாரும் யாரையும் அடிக்க முடியாது.

அழுத்தினேன்.