பல் டாக்டரிடம் முதல் தடவை

வியாழன் இரவு, குன்னூர்

அறுபத்தெட்டு வயதில் இன்றுதான் முதன்முதலாகப் பல் டாக்டரிடம் போனேன். கன்னத்தின் உள்ளே ஒரு மாதமாக ஆறாத புண். புகையிலை போட்ட வாயாயிற்றே என்று பயம். மனைவி சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

"இதுக்கு முன்னால எப்பங்க பல் காட்டுனீங்க?" என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டார்.

"காட்டுனதே இல்லீங்க. எங்க காலத்துல எஸ்டேட்ல பல்லுக்குன்னு யாருங்க டாக்டர்கிட்டப் போனாங்க?"

உடைந்த கடைவாய்ப்பல்தான் கன்னத்தைக் கிழிக்கிறதாம். அதை ராவிவிட்டார். "பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியலீங்க. ரெண்டு வாரத்துல ஆறிரும். ஆறலீன்னா உடனே வாங்க. புகையிலை மட்டும் வேண்டாமுங்க."

ஆறிவிடும்.

வீட்டுக்கு வந்து, இரவு படுக்கும்போது சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ராத்திரியெல்லாம் நீங்க பொரண்டு பொரண்டு படுக்கறதப் பாத்து நானும் தூங்கலீங்க. என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள்.

என்ன நினைத்தாள் என்று கேட்பதற்குள் அயர்ந்து தூங்கிப்போனாள்.